29 கிலோமீட்டர் செம்பாறைச் சாலை: யூட்டாவின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் என்ற சிற்றூருக்கு வடக்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் வாயில் இருக்கிறது. அங்கிருந்து டெவில்ஸ் கார்டன் என்ற இடம் வரை 29 கிலோமீட்டர் சென்று, போன வழியே திரும்பி வரவேண்டிய ஒற்றைச் சாலைதான் இந்த மதிப்புரைக்குப் பொருள். காரைவிட்டு இறங்காமலே பாறை அதிசயங்களைப் பார்த்துவிடலாம் என்று சொல்லித்தான் பலரும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். அது பாதி உண்மை. இருபுறமும் செம்பாறைகள் எழுந்து நிற்க, வளைந்து வளைந்து ஏறும் இந்தச் சாலையில் வெறுமனே ஓட்டிச் செல்வதும் இன்பந்தான். ஆனால் இங்குள்ள சிறந்த பாறைகளில் பல, வண்டியை நிறுத்திவிட்டு நடக்கிறவர்களுக்கு மட்டுமே கிடைக்கின்றன. இறங்கி நடப்பவர்களுக்கு இச்சாலை இன்னொன்றையும் தருகிறது. ஒரு பாறை வளைவு எப்படிப் பிறக்கிறது, எப்படி அகல்கிறது, எப்படி மெலிந்து விழுகிறது என்பதை, சற்று முன்பின்னாக இருந்தாலும், நிறுத்தம் நிறுத்தமாகக் கண்முன் வைக்கிறது. அந்தக் கோணத்தில் பார்த்தால் இதற்கு இணையான சாலைப் பயணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வாயிலுக்கு அருகிலேயே உள்ள பார்வையாளர் மையத்தைப் பலர் கழிப்பறைக்காகவும் குடிநீருக்காகவும் மட்டுமே பயன்படுத்திவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கால் மணி நேரமாவது அங்கே செலவிட்டு, இந்த நிலத்தின் கதையைத் தெரிந்துகொண்டு புறப்படுவது நல்லது. பின்னால் பார்க்கப்போகும் ஒவ்வொரு பாறைக்கும் அதுவே திறவுகோல். கதை உப்பிலிருந்து தொடங்குகிறது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் கடல் புகுந்து புகுந்து வற்றியது. ஒவ்வொரு முறையும் எஞ்சிய உப்பு அடுக்கடுக்காகப் படிந்து, சில இடங்களில் ஆயிரக்கணக்கான அடி தடிமனாயிற்று. அதன்மேல் ஆறுகள் கொண்டுவந்த வண்டலும் காற்று குவித்த மணலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்து இறுகிப் பாறையாயின. உப்புக்கு ஒரு குணம் உண்டு: மேலிருந்து பெரும் பாரம் அழுத்தும்போது அது திடப்பொருளைப் போல நிலைத்து நிற்காமல் மெல்ல மெல்லப் பிதுங்கி நகரும். அவ்வாறு நகர்ந்த உப்பு சில இடங்களில் மேல்நோக்கிப் புடைத்து, தன்மீதிருந்த பாறைகளை வளைத்து, நெடுக்குவாட்டில் இணையிணையான வெடிப்புகளை உண்டாக்கிற்று. பிறகு நிலத்தடி நீர் அந்த உப்பைக் கரைத்துக்கொண்டு போகவே, புடைப்புகளின் உச்சி உள்வாங்கிப் பள்ளத்தாக்காயிற்று. பூங்காவின் நடுவே கிடக்கும் சால்ட் வேலி அப்படி உருவானதுதான்.

இந்த அசைவுகளின் மிகப் பெரிய தடயம் வாயிலுக்கு எதிரிலேயே இருக்கிறது. மோவாப் பிளவு என்று அழைக்கப்படும் அந்த நிலப்பிளவின் இருபுறப் பாறைகளும் ஒன்றுக்கொன்று 750 மீட்டருக்கும் மேல் இடம்பெயர்ந்துள்ளன. ஒரு காலத்தில் ஒரே மட்டத்தில் இருந்த படிவங்கள் இன்று நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம் ஓர் உயரத்திலும் இந்தப்பக்கம் வேறொரு ஆழத்திலும் கிடக்கின்றன. மையத்திலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் ஏறியதும், சற்றுத் தொலைவில் இதைப் பார்ப்பதற்கென்றே ஒரு நிறுத்தம் உண்டு. பாறை வளைவு எதுவும் இல்லாத காட்சி என்பதால் பெரும்பாலான வண்டிகள் நிற்காமல் போய்விடுகின்றன. நிலவியலில் சிறிதளவேனும் ஆர்வமுள்ளவர்கள் இங்கு நிற்காமல் போகக் கூடாது.

தார் போட்ட இந்த நுழைவுச் சாலை 1958இல்தான் முடிவடைந்தது. அதற்கு முன்பு கரடுமுரடான மண்பாதை வழியாகத்தான் உள்ளே வரவேண்டியிருந்தது. அதிபர் ஹூவர் 1929 ஏப்ரலில் இவ்விடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். 1971 நவம்பரில் அது தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. இப்போது அதன் பரப்பு ஏறத்தாழ 310 சதுர கிலோமீட்டர். அதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வளைவுகள் பதிவுசெய்யப்பட்டுள்ளன. எண்ணிக்கை மலைப்பூட்டினாலும் கணக்கின் விதியை அறிந்தால் அது புரிந்துவிடும்: பாறையில் உள்ள திறப்பு ஏதேனும் ஒரு திசையில் மூன்றடி இருந்தாலே அது வளைவாகக் கொள்ளப்படுகிறது. திருமலையில் சிலாதோரணம் என்ற இயற்கைப் பாறை வளைவைப் பார்த்திருப்பவர்கள், எட்டு மீட்டர் அகலமுள்ள அந்த ஒன்றையே அரிய பொருளாகக் கம்பி வேலியிட்டுக் காக்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த இரண்டாயிரத்தின் பொருள் விளங்கும்.

மேட்டில் ஏறி முடித்ததும் வரும் முதல் பெரிய நிறுத்தம் பார்க் அவென்யூ. நியூயார்க்கின் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செல்லும் தெருவின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள். பெயர் பொருத்தமாகவே இருந்தாலும், இந்தச் சுவர்களுக்கு முன் கட்டடங்களை நினைப்பது எனக்கு அவ்வளவாக உவப்பாக இல்லை. இங்கு பார்க்க வேண்டியது வளைவுகளை அல்ல, அவற்றுக்கு முந்திய நிலையை. முன்பு சொன்ன இணையான வெடிப்புகளில் மழைநீரும் உருகிய பனியும் இறங்கி, வெடிப்பை அகலப்படுத்தி, இடையிலிருந்த பாறையை அரித்துச் செல்ல, எஞ்சியவை உயரமான, நீண்ட, ஒல்லியான சுவர்களாக நிற்கின்றன. இச்சுவர்கள் என்ட்ராடா எனப்படும் சிவந்த மணற்கல்லால் ஆனவை. அவற்றின்மீது மேலிருந்து வழிந்ததுபோல் கறுப்பும் பழுப்புமாகத் தெரியும் பட்டைகள், களிமண்ணும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளும் மிக நீண்ட காலத்தில் படிந்த மெல்லிய பூச்சு. பார்வைமேடையிலிருந்து பார்ப்பதோடு நிற்காமல், படிகளில் இறங்கிச் சுவர்களுக்கு நடுவே 1.6 கிலோமீட்டர் நடந்தால் கோர்ட்ஹவுஸ் டவர்ஸ் அருகே சாலையை மீண்டும் தொடலாம். இருவர் போனால் ஒருவர் நடக்க, மற்றவர் வண்டியை அந்தப்பக்கம் கொண்டுபோய் நிறுத்திக் காத்திருக்கலாம். ஏறித் திரும்பும் சிரமம் மிச்சம். அந்த முனையில்தான் வம்பளக்கும் மூன்று பேர் தலையோடு தலை சேர்த்து நிற்பது போன்ற த்ரீ காசிப்ஸ் பாறையும், செம்மறியின் சாயலுள்ள ஷீப் ராக்கும் இருக்கின்றன. பாறைகளில் உருவம் தேடும் விளையாட்டு குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். பெரியவர்களுக்கு அது இரண்டு நிறுத்தங்களுக்கு மேல் தாங்காது.

அங்கிருந்து சாலை ஓரளவு சமவெளியில் ஓடுகிறது. வலப்புறத்தில் உறைந்த மணல்மேடுகள் என்று அழைக்கப்படும் வெளிறிய மேட்டுப்பரப்பு விரிகிறது. முற்காலத்துப் பாலைவன மணற்குன்றுகள் புதைந்து கல்லானவை அவை. நவஹோ மணற்கல் என்பது அதன் பெயர். பின்னணியில் 3,800 மீட்டருக்கும் மேல் உயர்ந்த சிகரத்தைக் கொண்ட லா சால் மலைத்தொடர், கோடையின் தொடக்கம் வரையிலும் உச்சியில் பனியோடு நிற்கும். இந்தப் பகுதியில் ஓட்டுநர் கவனமாக இருக்கவேண்டும். படம் எடுப்பதற்காக முன்னால் போகும் வண்டி திடீரென வேகத்தைக் குறைப்பது இங்கே வழக்கம்.

அடுத்து பேலன்ஸ்டு ராக். பூங்காவின் அடையாளச் சின்னங்களுள் ஒன்றான இது வாயிலிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில், சாலையை ஒட்டியே நிற்கிறது. அடித்தளத்தையும் சேர்த்து 39 மீட்டர் உயரம். மேலே உட்கார்ந்திருக்கும் பாறை மட்டும் 17 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் எடை 3,500 டன்னுக்கும் மேல். பெயரைக் கேட்டால் ஒரு பாறை இன்னொன்றின்மேல் தனியாக வைக்கப்பட்டதுபோல் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒட்டியே இருக்கின்றன. மேற்பகுதி கடினமான மணற்கல். கீழே இருப்பது எளிதில் அரிபடும் சேற்றுக்கல். கீழ்ப்பகுதி விரைவாகக் கரைவதால் கழுத்து ஒடுங்கிக்கொண்டே வருகிறது. என்றேனும் ஒருநாள் தலை சாயும் என்பதில் ஐயமில்லை. அருகிலேயே இதைப்போன்ற சிறிய பாறை ஒன்று நின்றது; 1975-76 குளிர்காலத்தில் அது விழுந்துவிட்டது. சுற்றிவரும் பாதை மிகச் சிறியது, அதன் ஒரு பகுதி சக்கர நாற்காலி செல்லும்படி தளமிடப்பட்டுள்ளது. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு முகம்தான் தெரியும். சுற்றி வந்தால்தான் அந்தத் தலை எவ்வளவு கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்பது புரிகிறது.

பேலன்ஸ்டு ராக்கைத் தாண்டியதும் வலப்புறம் பிரியும் கிளைச்சாலை விண்டோஸ் பகுதிக்குப் போகிறது. நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுவே. நடை குறைவு, வளைவுகள் நெருக்கம், காட்சியோ அள்ளி இறைத்ததுபோல். வடக்கு, தெற்கு என இரண்டு சாளரங்களும் ஒரே பாறைச்சுவரில் அருகருகே துளைத்திருக்கின்றன. எதிரே டரட் ஆர்ச். மூன்றையும் இணைக்கும் சுற்றுப்பாதை 1.6 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. சுவரில் எப்படித் துளை விழுகிறது என்ற கேள்விக்கு விடை இங்கே கண்ணெதிரே இருக்கிறது. மணற்கல்லின் மணல்துகள்களைப் பிணைத்து வைத்திருப்பது கால்சைட் என்ற சுண்ணப்பொருள். லேசான அமிலத்தன்மை கொண்ட மழைநீர் அதைக் கரைக்கிறது. குளிர்கால இரவுகளில் வெடிப்புக்குள் தேங்கிய நீர் உறைந்து விரிந்து, பாறையைச் செதிள் செதிளாகப் பெயர்க்கிறது. ஆண்டுக்கு 25 சென்டிமீட்டர் அளவுக்குக்கூட மழை பெய்யாத இந்த வறண்ட நிலத்தில், இத்தனையையும் செதுக்கியது பெரும்பாலும் நீர்தான். காற்றுதான் குடைந்தது என்று வழிகாட்டிகள் போலப் பேசும் சிலர் விளக்குவதைக் காதில் வாங்க வேண்டியதில்லை.

அதே வாகன நிறுத்தத்தின் மறுபக்கத்தில் உள்ள டபுள் ஆர்ச், இந்தப் பூங்காவில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த பாறை. ஒரே அடியிலிருந்து இரண்டு வளைவுகள் வெவ்வேறு திசையில் எழுகின்றன. பெரியதன் திறப்பு 34 மீட்டர் உயரமும் 44 மீட்டர் அகலமும் கொண்டது. மற்ற வளைவுகளில் பெரும்பாலானவை பக்கவாட்டில் குடையப்பட்டவை. இதுவோ மேலிருந்து கீழாகக் குடையப்பட்டது. பாறையின் தலையில் இருந்த குழியில் தேங்கிய நீர் அடியை அரித்து இறங்க, பக்கத்திலிருந்தும் அரிப்பு வந்து சேர, கூரை திறந்துகொண்டது. நடை, போகவர ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, தரையும் பெரும்பாலும் சமம். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலொழிய இதன் பருமன் பிடிபடாது. எந்தப் புகைப்படமும் இதற்கு நியாயம் செய்ததில்லை.

பிரதான சாலைக்குத் திரும்பி வடக்கே சென்றால் வுல்ஃப் ரான்ச், டெலிகேட் ஆர்ச் ஆகியவற்றுக்கான கிளைச்சாலை வருகிறது. உள்நாட்டுப் போரில் காலில் காயம்பட்ட ஜான் வெஸ்லி வுல்ஃப் என்ற ஒஹையோக்காரர், உலர்ந்த காற்றைத் தேடி 1898 வாக்கில் மகனோடு வந்து இங்கே மாடு வளர்த்தார். 1906இல் மகள் ஃப்ளோரா குடும்பத்துடன் வந்து சேர்ந்த பிறகு கட்டிய ஓரறை மரவீடுதான் இப்போது நிற்பது. 1910இல் அவர்கள் ஒஹையோவுக்கே திரும்பிவிட்டார்கள். அந்த வீட்டைத் தாண்டி ஓடைமேல் உள்ள பாலத்தைக் கடந்ததும், ஒரு பாறைமுகத்தில் யூட் பழங்குடியினர் குதிரைவீரர்களையும் பெருங்கொம்புச் செம்மறிகளையும் செதுக்கிவைத்திருக்கிறார்கள். குதிரையின்மேல் மனிதன் அமர்ந்திருக்கும் உருவம் என்பதாலேயே, ஸ்பானியர்கள் குதிரையைக் கொண்டுவந்த பிறகு செதுக்கப்பட்டது என்று அறியலாம். 1650க்கும் 1850க்கும் இடைப்பட்டதாக அதன் காலம் கணிக்கப்பட்டுள்ளது. டெலிகேட் ஆர்ச்சுக்கு விரைகிற கூட்டத்தில் பாதிப்பேர் இந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிரதான பாதையிலிருந்து சில நிமிடமே விலகும் இச்செதுக்கலுக்காகவே இந்த நிறுத்தத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பேன்.

டெலிகேட் ஆர்ச் யூட்டாவின் வாகன எண்பலகையிலேயே இடம்பிடித்த வளைவு. 2002 குளிர்கால ஒலிம்பிக்கின் சுடர் இதன் அடியில் கொண்டுவரப்பட்டது. திறப்பு 14 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம். சுவர் முழுவதும் அழிந்து வளைவு மட்டும் தனித்து நிற்பது இதன் சிறப்பு. பார்க் அவென்யூவில் கண்ட சுவர், விண்டோஸில் கண்ட துளை, இரண்டுக்கும் அடுத்த கட்டம் இது. போகவர 4.8 கிலோமீட்டர் நடை. நடுப்பகுதியில் நிழலே இல்லாத வழுக்குப் பாறைச் சரிவில், கற்குவியல் அடையாளங்களைப் பின்பற்றி ஏறவேண்டும். கடைசி ஏறத்தாழ 200 மீட்டர் பாறை விளிம்பை ஒட்டிய பாதை. அகலமானதுதான் என்றாலும் ஒருபுறம் பள்ளம் என்பதால் சிறுவர்களைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த விளிம்பு திரும்பும்வரை வளைவு கண்ணில் படாது. திரும்பியதும் பெரிய கல்தொட்டி போன்ற பள்ளத்தின் மறுகரையில், லா சால் மலைகள் பின்னே தெரிய, ஒரே பார்வையில் முழுதாக வந்து நிற்கும். மாலை வெயில் இதன்மேல் நேராக விழுவதால் கூட்டமும் மாலையில்தான். அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசையே அமைந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் பத்துப் பதினைந்து விதமாக நிற்க, வெறும் வளைவை ஒரு நிமிடம் பார்க்க விரும்புகிறவர் பொறுமையைத் துணைக்கு அழைத்துக்கொள்ள வேண்டியதுதான். காலையில் சென்றால் ஒளி சற்றுக் குறைவு, அமைதி மிகுதி. நான் காலையையே தேர்ந்தெடுப்பேன்.

நடக்க முடியாதவர்களுக்கென்று இன்னும் சற்றுத் தள்ளி, டெலிகேட் ஆர்ச் பார்வையிடம் ஒன்று இருக்கிறது. வளைவு அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில், பள்ளத்துக்கு அப்பால் உச்சியில் சுண்டுவிரல் அளவில் தெரியும். தொலைநோக்கி இருந்தால் பயனுண்டு. இல்லையென்றால் ஏமாற்றந்தான், அந்த நேரத்தை டபுள் ஆர்ச்சுக்குக் கொடுப்பதே மேல்.

ஃபியரி ஃபர்னஸ் பகுதியைச் சாலையோரப் பார்வையிடத்திலிருந்து பார்க்கலாம். அந்திவெயிலில் தணல்போல் ஒளிர்வதால் வந்த பெயர். நண்பகலில் உள்ளே நிழலும் குளிர்ச்சியும் இருக்குமாம். நெருக்கமான சுவர்களுக்கிடையே குறிக்கப்பட்ட பாதை ஏதும் இல்லாததால், உள்ளே செல்வதற்கு வனக்காவலர் வழிநடத்தும் நடையிலோ தனி அனுமதிச்சீட்டிலோ முன்பதிவு வேண்டும்.

சாலையின் முடிவுக்குச் சற்று முன் ஸ்கைலைன் ஆர்ச். வானத்தின் எல்லைக்கோட்டில் துளையிட்டதுபோல் வண்டியிலிருந்தே தெரியும். 1940இல் இதன் திறப்பை அடைத்துக்கொண்டிருந்த பெரும்பாறை விழுந்ததில் திறப்பு ஏறத்தாழ இருமடங்காயிற்று. இந்த நிலத்தில் மாற்றம் கோடி ஆண்டுக் கணக்கில் மட்டும் நடப்பதில்லை என்பதற்கு இது முதற்சான்று; அடுத்த சான்றுகள் டெவில்ஸ் கார்டனில் உள்ளன. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, சிறிய இறக்கத்தில் டனல் ஆர்ச், பைன் ட்ரீ ஆர்ச் இரண்டையும் பார்த்துவிட்டு, லேண்ட்ஸ்கேப் ஆர்ச் வரை போய்வர மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாதை சரளையிட்டது, ஏற்ற இறக்கம் மிதமானது. லேண்ட்ஸ்கேப் ஆர்ச் ஓர் அடியிலிருந்து மறு அடி வரை 93 மீட்டர் நீளும், வட அமெரிக்காவிலேயே நீளமான வளைவு. நீளத்தைவிட அதன் மெலிவே மனத்தைப் பிடிக்கிறது. நடுப்பகுதி நாடாவைப்போல் ஒல்லியாக இருக்க, இது எப்படி இன்னும் நிற்கிறது என்று கேட்காதவர் இல்லை. 1991 செப்டம்பரில், கீழே மக்கள் அமர்ந்திருந்த பொழுதில், அதன் அடிப்புறத்திலிருந்து 18 மீட்டர் நீளமுள்ள பாளம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. நல்வேளையாக எவருக்கும் அடிபடவில்லை. 1995இல் மேலும் சில பாறைகள் உதிர்ந்தன. அதன்பிறகு வளைவின் அடியில் செல்லும் பாதை மூடப்பட்டுவிட்டது. வேலிக்கு இப்பால் நின்றே பார்க்கலாம். வேலி தொலைவாக இருக்கிறதே என்று குறைப்படுவோர் கீழே சிதறிக்கிடக்கும் பாறைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னும் சற்று மேலே போகும் பாதையில் வால் ஆர்ச் என்ற வளைவு இருந்தது. 2008 ஆகஸ்ட் 4 இரவில் அது இடிந்து விழுந்தது. பார்த்தவர் யாருமில்லை. இப்போது அங்கே இருபுறமும் இரண்டு பாறை முனைகளும் இடையில் கற்குவியலும்தான். வளைவுகளைப் பார்க்க வந்தவர்கள் வளைவு இல்லாத இடத்துக்கு ஏன் ஏறவேண்டும் என்று கேட்கலாம். வாயிலில் தொடங்கிய வரிசை இந்த இடிபாட்டில்தான் நிறைவடைகிறது என்பது என் விடை. ஆனால் லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சுக்கு அப்பால் பாதை கடினமாகிறது. பாறைச்சுவரின் முதுகில் கைகளையும் ஊன்றி ஏறவேண்டிய இடங்கள் வரும். உயரத்தைக் கண்டு தலைசுற்றுகிறவர்கள் திரும்பிவிடுவதில் தவறில்லை.

இனி வசதிகள். சாலையின் தரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. சாதாரணக் கார் போதும். பெரும் குறை வாகன நிறுத்தம். 2021இல் 18 லட்சம் பேர் வந்துபோன பூங்காவில், விண்டோஸ், வுல்ஃப் ரான்ச், டெவில்ஸ் கார்டன் மூன்றிலும் நிறுத்துமிடங்கள் வசந்தகாலத்திலும் இலையுதிர்காலத்திலும் காலையிலேயே நிரம்பிவிடுகின்றன. உள்ளே பேருந்துச் சேவை கிடையாது. யூட்டாவிலேயே உள்ள ஸையன் தேசியப் பூங்காவில் பேருந்தில் ஏறி இறங்கிப் பழகியவர்களுக்கு இது பெரிய பின்னடைவாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நெரிசலைக் குறைக்க 2022 முதல் சில பருவங்களில் குறிப்பிட்ட மாதங்களுக்கு நேரமிட்ட நுழைவு முன்பதிவு நடைமுறையில் இருந்தது. விதிமுறை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது என்பதால், விமானச்சீட்டு வாங்கும் முன்பே தேசியப் பூங்காச் சேவையின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பூங்கா இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருப்பதால், விடியுமுன் நுழைந்து நேராக டெவில்ஸ் கார்டனுக்குப் போய், திரும்பும் வழியில் ஒவ்வொன்றாக நின்று வருவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. பாறையின் கதை தலைகீழாக வரும், இடம் கிடைக்கும். கதையை வரிசையாகவே பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் உள்ளவர்கள் நவம்பர் கடைசியிலோ பிப்ரவரியிலோ போகலாம். அப்போது செம்பாறைமேல் வெண்பனி படிந்திருப்பதும் உண்டு, பாதைகளில் வழுக்கலும் உண்டு.

உள்ளே உணவகம் இல்லை, தேநீர்க்கடை இல்லை, பெட்ரோல் இல்லை. குடிநீர் பார்வையாளர் மையத்திலும் டெவில்ஸ் கார்டனிலும் கிடைக்கும். இடையில் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. முக்கிய நிறுத்தங்களில் கழிப்பறைகள் உண்டு என்றாலும் அவை தண்ணீர் வசதியில்லாத குழிக்கழிப்பறைகள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கைபேசித் தொடர்பு பெரும்பாலான இடங்களில் கிடைக்காது. மோவாபில் உணவகங்கள் நிறைய இருந்தாலும் சைவம் உண்பவர்களுக்குத் தெரிவு குறைவு. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனவர்கள் டெவில்ஸ் கார்டன் மரமேசைகளில் நிம்மதியாக உண்டு எழலாம். குப்பையை மட்டும் திரும்ப எடுத்துவந்துவிட வேண்டும்.

ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவை அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளி விடுமுறை அப்போதுதான் என்பது சரியே. ஆனால் அந்த மாதங்களில் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சென்னை வெயில் கண்டவர்களுக்கு இது ஒரு பொருட்டா என்று எண்ணிவிடக் கூடாது. உலர்ந்த காற்றில் வியர்ப்பதே தெரியாது; தாகம் உணரும் முன்பே உடலில் நீர் வற்றிவிடும். கோடையில்தான் போகமுடியும் என்றால் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்பி, மாலை ஐந்துக்குப் பிறகு மறுபடி உள்ளே வரலாம். முழங்கால் வலியுள்ளவர்களுக்குப் பார்க் அவென்யூ பார்வைமேடை, பேலன்ஸ்டு ராக், டபுள் ஆர்ச், வுல்ஃப் ரான்ச் நான்கும் போதும். அவர்கள் எதையும் இழந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் ஆகியவை மிகச் சிறந்த காலம். அப்போதும் ஒரே நாளில் வெப்பநிலை இருபது டிகிரிக்கு மேல் ஏறி இறங்கும் என்பதால் கம்பளி உடை ஒன்று வண்டியில் இருக்கவேண்டும். மாலையில் வந்தவர்கள் இருட்டியதும் உடனே கிளம்பிவிடாமல் சிறிது நேரம் இருந்து பார்க்கலாம். 2019இல் இருண்ட வானப் பூங்காவாகச் சான்று பெற்ற இடம் இது. நிலவில்லாத இரவில் பால்வீதி தெளிவாகத் தெரியும்.

பாதையை விட்டு விலகி நடக்கக் கூடாது என்ற விதியைச் சிலர் அதிகார மிடுக்கு என்று நினைக்கிறார்கள். பாதையோரத்தில் கருமையாக, சிறு சிறு மேடுகளாகத் தெரியும் மண், நீலப்பச்சை பாக்டீரியாவும் பாசியும் லைக்கனும் சேர்ந்து நெய்த உயிருள்ள மேற்தோல். மணலைப் பிடித்துவைப்பதும் ஈரத்தைக் காப்பதும் அதுதான். ஒரு காலடி பட்டு நொறுங்கினால் மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பெயரிடப்பட்ட வளைவுகளின்மேல் ஏறுவதற்கும் தடை உண்டு. பாறையில் பெயர் செதுக்குவது குற்றம். அப்படியிருந்தும் சில சுவர்களில் காதலர்களின் பெயர்களைக் காண நேர்கிறது. அந்தப் பழக்கம் எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கிறது.

கட்டணம், நான் எழுதும் நிலையில், தனியார் காருக்கு 30 டாலர். ஏழு நாட்களுக்குச் செல்லும். வண்டியில் எத்தனை பேர் இருந்தாலும் அதே தொகை என்பதால் குடும்பமாகப் போவோருக்கு மிகவும் மலிவு. அரை மணி நடந்து திரும்பக்கூட நேரமில்லாமல் ஒரு மணி நேரத்தில் சாலையை ஓட்டி முடித்துவிட நினைப்பவர்களுக்கு மட்டும் இது வீண் செலவு. சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரமும், டென்வரிலிருந்து ஐந்தரை ஆறு மணி நேரமும் ஓட்டிவருகிறவர்கள் மோவாபில் இரண்டு இரவு தங்கும்படி திட்டமிட்டால், ஆர்ச்சஸுடன் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா, நேச்சுரல் பிரிட்ஜஸ் தேசிய நினைவுச் சின்னம் ஆகியவற்றுக்கும் ஓராண்டு செல்லுபடியாகும் தென்கிழக்கு யூட்டா கூட்டுச்சீட்டை வாங்குவது லாபம். கேன்யன்லேண்ட்ஸின் ஐலண்ட் இன் தி ஸ்கை பகுதி மோவாபிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அங்கே மேசா ஆர்ச் ஒன்றைத் தவிர வளைவுகளுக்காகப் போகவேண்டியதில்லை. பள்ளத்தாக்கின் ஆழத்தைப் பார்க்கத்தான் போகவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காமல், ஆர்ச்சஸுக்கு முழு நாளும் அதற்கு மறுநாள் காலையும் ஒதுக்குவது சரியாக இருக்கும்.